கம்பங்களுக்கு நடுவே ஒரு தலைமை

சிட்னியின் மேற்கே, பரமட்டாவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் அடுத்தடுத்து அமைந்துள்ள கிரவீன், தூங்காபி, பெண்டில்ஹில், வென்ற்வேத்வில் ஆகிய புறநகர்கள் ஈழத்தமிழரும் தமிழகத்தவரும் செறிந்து வாழும் இடங்களாக அறியப்படுகின்றன. இவற்றைச் சூழ்ந்துள்ள மேற்குச் சிட்னி, அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்துக்குத் தலைசிறந்த பந்துக்காப்பாளர்களை வழங்கிய நிலம் என்பது அங்கு வாழும் தமிழரிடையே போதிய அளவு பேசப்படாத செய்தி. நாட்டுக்காக 109 போட்டிகளில் ஆடிய மார்க் ஷ்வார்சர் பொஸ்லி பார்க்கிலுள்ள மார்க்கோனி கழகத்தில் உருவானவர். பிற்காலத்தில் தேசிய அணியின் தலைவரான மத் ரயன், பிளம்டனில் வளர்ந்து, தூங்காபியை ஒட்டிய செவன்ஹில்ஸில் ஆடும் பிளாக்டவுன் சிற்றி கழகத்தின் வழியாகத் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றவர். இத்தகைய நிலத்தில், கோலைக் காப்பவரே அணித்தலைவராகவும் இருக்கும்போது அவர் தம் கழகத்துக்கு எவ்வளவு பெறுமதியானவர் என்ற கேள்வி ஆராயத்தக்கது.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் தொடக்கம் வரை நீளும் குளிர்காலப் பருவத்தில், சனி, ஞாயிறுகளில் இப்பகுதிப் பூங்காக்களுக்குச் செல்பவர்கள் ஒரே புல்வெளியில் எட்டு வயதுச் சிறுவர் முதல் நாற்பது வயதைக் கடந்தோர் வரை அடுத்தடுத்து ஆடுவதைக் காணலாம். ஆறு, ஏழு வயதினரின் சிற்றாட்டத்தில் பந்துக்காப்பாளர் என்ற இடமே இல்லை. எட்டு வயதுப் பிரிவில், எழுவர் ஆடும் அணியில்தான் ஒரு பிள்ளைக்கு முதன்முறையாகக் கையுறை கொடுக்கப்படுகிறது. வளர்ந்தோர் ஆடும் கோலின் அகலம் 7.32 மீற்றர், உயரம் 2.44 மீற்றர். எந்த மனிதரும் இருகை விரித்து அடைத்துவிட முடியாத அந்த இடைவெளியைப் பாய்ச்சலால் காப்பது கடைசி வழிதான். நின்ற இடத்தால் சிறிதாக்குவதே இத்தொழிலின் முதற்பாடம். பந்துடன் வருபவரை நோக்கி இரண்டு மூன்று அடி முன்னே நகர்வதால் அவர் கண்ணுக்குத் தெரியும் கோலின் பரப்பைக் குறைப்பதைக் கோணத்தைக் குறுக்குதல் என்பர். உதை எழும் கணத்தில் இரு பாதமும் தரையில் பதிந்து, உடல் சற்றே முன்சாய்ந்து, கைகள் இடுப்பளவில் திறந்திருப்பதைத் தயார்நிலை என்பர். நல்ல பந்துக்காப்பாளர் அரிதாகவே பாய்கிறார் என்று பயிற்றுநர்கள் சொல்வதன் பொருள் இதுவே. பார்வையாளர் கைதட்டும் பாய்ச்சல்களில் ஒரு பகுதி, சில விநாடிகளுக்கு முன்பு தவறான இடத்தில் நின்றதன் விளைவு.

ஆனால் அவருடைய வேலையின் பெரும்பகுதி கைகளால் செய்யப்படுவதன்று. களத்திலுள்ள பதினொருவரில் தன் அணியினர் எவருக்கும் முதுகு காட்டாமல் நிற்பவர் அவர் ஒருவரே. பின்கள வீரர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவருக்குப் பின்னால் நழுவிச் செல்லும் எதிரணி வீரரையும், வலது ஓரத்தில் திறந்துகிடக்கும் வெளியையும் அவரே காண்கிறார்; கண்டதை ஒரு சொல்லில் சொல்லிவிட வேண்டும். மேற்குச் சிட்னிக் களங்களில் அந்தச் சொற்கள் எல்லா மொழியினருக்கும் பொதுவானவை: பந்தைத் தானே எடுக்க வருகையில் "கீப்பர்ஸ்", தூர விலக்கச் சொல்கையில் "அவே", பின்கள வரிசை முன்னேற வேண்டுகையில் "ஸ்டெப்". எவருடையது என்று குறிக்காமல் "விடு" என்று பொதுவாகக் கத்தி எதிரணியினரை ஏமாற்றினால் நடுவர் எச்சரிக்கை அட்டை காட்டலாம் என்பதால், தன் அடையாளத்தைச் சொல்லியே அழைக்கும் பழக்கம் சிறுவயதிலேயே ஊட்டப்படுகிறது. உரிய நேரத்தில் எழுந்த ஒரு சொல்லால் எதிரணியின் தாக்குதல் உதையாகவே மாறாமல் கலைந்துபோனால், அது எந்தப் புள்ளிவிபரத்திலும் பதிவாவதில்லை. தடுத்த உதைகளை மட்டும் எண்ணிப் பந்துக்காப்பாளரின் பெறுமதியை மதிப்பிடும் வழக்கத்தின் அடிப்படைக் குறை இதுதான்.

அணித்தலைமை அவருக்குப் பொருந்துவதும் இந்தப் பார்வையினால்தான், துணிச்சலினால் அன்று. மத்தியகள வீரர் களைத்துப்போய் மாற்றப்படலாம். காயமோ சிவப்பு அட்டையோ இல்லாதவரை பந்துக்காப்பாளர் இறுதிவரை நிற்பார், ஆகவே தலைமைப்பட்டை கைமாறாது. போட்டிக்கு முன்னான நாணயச் சுழற்சியும் அவருக்கு வெறும் சடங்கன்று. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே தொலைவிலுள்ள சிட்னியில் குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் தாழ்ந்தே நகர்வதால், தெற்குக் கோலில் நின்று வடக்கே பார்ப்பவரின் கண்ணில் வெயில் நேராக விழும். பிற்பகல் போட்டியில் சூரியன் சற்று உயரத்தில் இருக்கும் முதற்பாதியிலேயே அந்தக் கோலை ஏற்றுக்கொண்டு, வெயில் இன்னும் தாழும் இரண்டாம் பாதியில் அதை எதிரணிக் காப்பாளருக்கு விட்டுவிடும் முடிவை, அந்த வெயிலில் கண்கூசி நின்று பழகிய தலைவரே யோசித்து எடுப்பார்.

எனினும் ஆட்ட விதிகள் காப்பும் தலைமையும் ஒருவரிடம் சேரும் இந்த இரட்டைப் பொறுப்பை அண்மையில்தான் தனியாகக் கவனிக்கத் தொடங்கின. நடுவரை வீரர்கள் கூட்டமாகச் சூழ்ந்து வாதாடுவதைத் தடுக்க, தலைவர் மட்டுமே அவரை அணுகிப் பேசலாம் என்ற நடைமுறை 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிகளில் கடைப்பிடிக்கப்பட்டு, பின்னர் மற்றப் போட்டிகளுக்கும் பரவியது. தலைவர் பந்துக்காப்பாளராக இருந்தால், அவர் தம் கோலை விட்டு நூறு மீற்றர் ஓடிவர முடியாது என்பதால், அவருக்காக நடுவரிடம் பேசும் களவீரர் ஒருவரைப் போட்டிக்கு முன்பே பெயர்குறிக்க வேண்டும். இதனால் தலைமையின் ஒரு பகுதி அவரிடமிருந்து போய்விட்டதாகக் கருதுவோர் உண்டு. அக்கருத்து ஏற்கத்தக்கதன்று, நடுவரிடம் வாதாடுவது தலைமையின் மிகச் சிறிய கூறு, அதிலிருந்து விடுபட்டவர் ஆட்டம் நின்றிருக்கும் அந்த அரை நிமிடத்தில் தம் பின்கள வரிசையைச் சீர்செய்துகொள்ளலாம்.

கழகத்துக்கு ஒரு பந்துக்காப்பாளரின் பெறுமதி என்ன என்பதற்கு இப்பகுதி தந்த மிகப் பெரிய சான்று 2014 ஆம் ஆண்டுக்குரியது. மேற்குச் சிட்னி வொண்டரர்ஸ் 2012 இல் தொடங்கப்பட்ட கழகம். இரண்டே ஆண்டுகளில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் இறுதியை எட்டியது. அவுஸ்திரேலியத் தொழில்முறை லீக்கில் ஓர் அணி தன் வீரர்களுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஆசியாவின் செல்வமிக்க கழகங்கள் வாங்கும் முன்கள வீரர்களை அந்த வரம்புக்குள் வாங்க இயலாது. வொண்டரர்ஸிடம் இருந்தது கட்டுக்கோப்பான பின்களமும், அதன் பின்னால் 39 வயது அன்ரே சோவிச்சும். 25 ஒக்டோபரில் பரமட்டாவில் சவூதி அரேபியாவின் அல் ஹிலாலை 1-0 என வென்ற அணி, 1 நவம்பரில் ரியாத்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் கோலேதும் விடாமல் சமநிலை கண்டு, ஆசியச் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் அவுஸ்திரேலியக் கழகமானது. தொடரின் மிகப் பெறுமதியான வீரர் விருது சோவிச்சுக்கே கிடைத்தது. தலைமைப்பட்டை அன்று பின்கள வீரர் நிக்கொலாய் ரோப்பர் ஸ்ரான்லியின் கையில் இருந்தது என்பதையும் இங்கு சொல்ல வேண்டும்; பட்டை ஒருவரிடமும், களம் முழுவதையும் பார்க்கும் கண் அவருக்குப் பின்னாலிருப்பவரிடமும் பிரிந்திருந்தும் அணி சிதறாமல் நின்றது.

பிற்காலத்தில் அதே கழகத்தில் அவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்தன. 2022 இல் வந்த லோறன்ஸ் தோமஸ் பின்னர் அணித்தலைவரானார். அவர் எவ்வகையானவர் என்பதை மெல்பேர்ண் விக்ரரி கழகத்துக்காக அவர் ஆடிய 2018 அவுஸ்திரேலிய லீக் இறுதிப்போட்டி காட்டியது. நியூகாசிலில் தொடக்கத்திலேயே கிடைத்த ஒரே கோலை அணி இறுதிவரை காத்து 1-0 என வென்றது. ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில், உயர்ந்து வந்த பந்துக்காகப் பாய்ந்த எதிரணி வீரரின் கால் தோமஸின் முகத்தில் பட, உதைத்தவர் சிவப்பு அட்டையுடன் வெளியேறினார். இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான ஜோ மார்ஸ்ரன் பதக்கம் தோமஸுக்கு வழங்கப்பட்டது. மற்றவர் கால் நீட்டும் இடத்தில் தலையைக் கொண்டுபோக வேண்டிய தொழில் இது.

தொழிலும் தலைமையும் ஒன்றோடொன்று முரண்படும் தருணமும் உண்டு. பெனல்டி எனப்படும் தண்ட உதையில் பந்து கோலிலிருந்து 11 மீற்றரில் வைக்கப்படுகிறது. பலமாக உதைத்தால் அரை விநாடிக்குள் கோட்டை அடைகிறது. உதைபடும் கணத்தில் காப்பாளரின் ஒரு பாதமேனும் கோட்டின்மீதோ அதன் நேராகவோ அதன் பின்னாலோ இருக்க வேண்டும் என்பது விதி. எனவே பந்து புறப்பட்டதைப் பார்த்தபின் பாய்ந்தால் பெரும்பாலும் பிந்திவிடும். உதைப்பவரின் ஓட்டம், ஊன்றுகாலின் திசை, அவரது பழைய உதைகள் ஆகியவற்றிலிருந்து முன்னரே ஊகிப்பது தனிக்கலை. 2005 நவம்பர் 16 அன்று சிட்னியில் உருகுவேக்கு எதிராக ஷ்வார்சர் இரண்டு உதைகளைத் தடுத்து, அவுஸ்திரேலியா 32 ஆண்டுகளின் பின் உலகக் கிண்ணத்துக்குள் நுழைய வழிசெய்தார். அன்று தண்ட உதைகளுக்கென நெடிதுயர்ந்த ஷெல்கோ கலாச்சை இறக்கப் பயிற்றுநர் ஹிடிங்க் எண்ணியிருந்தார். வேறொரு வீரரை மாற்ற நேர்ந்ததால் அது கைகூடவில்லை. அப்போது துணைப் பயிற்றுநராக இருந்த கிரஹம் ஆர்னோல்ட், 2022 ஜூன் 13 அன்று கட்டாரில் பெருவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதிப்போட்டியில் அந்த எண்ணத்தைச் செயலாக்கினார்: 120 ஆவது நிமிடத்தில் அணித்தலைவர் மத் ரயனை வெளியே எடுத்து, அன்ட்ரூ ரெட்மெயினை இறக்கினார். கோட்டில் ஆடியாடி நின்ற ரெட்மெயின் கடைசி உதையைத் தடுக்க, 5-4 என வெற்றி கிடைத்தது.

இந்நிகழ்வில் பலரும் ரெட்மெயினையே நினைவுகூர்வர், அது நியாயம். ஆனால் கழகங்கள் கற்க வேண்டிய பகுதி ரயனிடம் உள்ளது. 120 நிமிடம் கோல் விடாமல் நின்ற தலைவர், தம் வாழ்வின் மிகப் பெரிய பரீட்சைக்குச் சற்று முன் கையுறையைக் கழற்ற நேர்ந்தபோது, அணிக்குள் ஒரு பிளவும் எழவில்லை. அதே ஆண்டு கட்டாரில் நடந்த உலகக் கிண்ணத்தில் அவர் அணியின் நான்கு போட்டிகளிலும் தலைவராக ஆடினார். ஆர்ஜென்ரினாவுக்கு எதிராகக் காலில் வந்த பந்தை இழந்தது எதிரணியின் இரண்டாவது கோலாக முடிந்தது. 1992 இல், தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் காப்பாளர் கையால் எடுக்கக்கூடாது என்ற விதி வந்ததிலிருந்து, காப்பாளர் அணியின் முதல் பந்துக் கடத்துநராகவும் ஆகிவிட்டார். மற்றவர் பந்தை இழந்தால் அவருக்குப் பின்னால் பலர் உண்டு. இவருக்குப் பின்னால் வலை மட்டுமே.

இந்தத் தொழிலுக்குத் தமிழரிடையே ஒரு பெருமைமிக்க முன்னோடி உண்டு. ஹைதராபாத்தில் பிறந்த பீற்றர் தங்கராஜ், மதராஸ் ரெஜிமென்ற் அணியில் முன்கள வீரராகத் தொடங்கிப் பின்னரே கோலுக்கு மாறியவர். அவ்வணி 1955 இலும் 1958 இலும் டூரண்ட் கிண்ணத்தை வென்றது. 1956 இல் மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று நான்காம் இடம் பெற்ற இந்தியக் குழுவிலும், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற குழுவிலும் அவர் இருந்தார். 1967 இல் அர்ஜுனா விருது பெற்றார். கோல் போடுபவரின் மனத்தை உள்ளிருந்து அறிந்தவர் அதைத் தடுப்பதிலும் சிறக்கலாம் என்பதால், உயரமான பிள்ளையையோ ஓடச் சோம்பும் பிள்ளையையோ கோலில் நிறுத்தும் பூங்காக் கழகங்களின் பழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

தன்னார்வலர்களால் நடத்தப்பட்டு, வீரர்களே பருவக் கட்டணம் செலுத்தி ஆடும் சிறு கழகங்களில் இந்தப் பெறுமதி இன்னும் கூடுதலானது, இன்னும் குறைவாகவே உணரப்படுவது. களவீரர் இருவர் வராவிட்டால் அணி ஒருவாறு ஆடிவிடும். கையுறை அணிபவர் வராவிட்டால், யார் கோலில் நிற்பது என்ற பேரத்திலேயே ஆட்டத்தின் பாதி தோற்றுப்போகிறது. அவரே தலைவராகவும் இருந்தால், வருகையைக் கேட்டு வாரநடுவில் செய்தி அனுப்புவதும், தோற்ற அணியை அடுத்த சனிக்கிழமைக்குத் திரட்டுவதும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஆனால் வாராந்தப் பயிற்சியில் பதின்மருக்குப் பந்து கடத்தல் கற்பிக்கப்படுகையில், அவர் ஓரமாக நின்று இறுதியில் வரிசையாக வரும் உதைகளைத் தடுக்க மட்டுமே அழைக்கப்படுகிறார். தமக்கான பயிற்றுநர் இல்லாமலே பல பருவங்கள் கழிகின்றன. கிரவீன் சுற்றுவட்டாரக் கழகங்கள் தம் காப்பாளரின் பருவக் கட்டணத்தைக் குறைப்பதும், ஆண்டுக்கு ஒரு சோடிக் கையுறையைக் கழகச் செலவில் தருவதும், அயற்கழகங்களுடன் சேர்ந்தேனும் காப்பாளர்களுக்கென ஒரு பயிற்றுநரை வாரத்தில் ஒரு மாலை அமர்த்துவதும் பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. கையுறை கிடைத்த எட்டு வயதுப் பிள்ளை இரண்டாம் பருவத்திலும் அதைக் கழற்றாமல் இருக்கப்போகிறதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு மாலையிலேயே முடிவாகிறது.