வலிக்கவில்லையே!

ஆஸ்பத்திரி நர்ஸ்களுக்குப் புண் கட்டக் கற்றுக் கொடுப்பது என் வேலை. முதல் வகுப்பில் நான் சொல்வது என் அசட்டுத்தனத்தைத்தான். நீங்களும் கேளுங்கள்.

சர்க்கரை வியாதியுள்ள என் அம்மாவுக்குக் கால் விரலடியில் சிறு புண். "வலிக்கிறதா அம்மா?" என்றேன். "இல்லையடி" என்றாள். காற்றாடக் காயட்டும் என்று விட்டுவிட்டேன். பொருக்குத் தட்டியது, மகிழ்ந்து போனேன். அடியிலோ சீழ்! இரண்டு விரல்கள் போயின.

காய்வது வேறு, ஆறுவது வேறு. ஈரப்பதம் இருந்தால் புதுத் தோல் சீக்கிரம் படரும் என்று ஜார்ஜ் வின்டர் 1962-லேயே பன்றிகளிடம் சோதித்துக் காட்டினார். வலி தெரியாததோ, சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனதன் அடையாளம்.

ஆகவே என் மாணவிகள் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தெரிகிறதா?" என்று கேட்ட பிறகே கட்டுத்துணியை எடுக்கிறார்கள்.

இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் உள்ளங்காலைப் பாருங்கள். புண் இருந்தும் "வலிக்கவில்லையே" என்றால், உடனே டாக்டரிடம் ஓடுங்கள்!