விழுந்துவிடுவேனோ என்ற பயம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நெடுநாள் சர்க்கரை. பகலில் நன்றாகவே நடப்பேன். இரவில் கரண்ட் போனால் கை சுவரைத் தேடும். மின்சார ரயிலில் ஏறும்போது நடைமேடைக்கும் படிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்ததும் கால் நின்றுவிடும். விழுந்துவிடுவேனோ என்ற அந்தப் பயம் வலியைவிடப் பெரிது.

"தலையில காந்தம் வச்சுத் தடுமாற்றத்தைச் சரி பண்றாங்களாம்பா, கேட்டுப் பார்ப்போமா?" என்றான் மகன். எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது. தலையருகே வைக்கும் கம்பிச்சுருளில் (காயில்) மின்சாரம் சட்டென்று பாய்ந்து அடங்கும்போது எழும் காந்தப்புலம், மண்டையோட்டைக் கடந்து மூளைக்குள் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். கத்தி வேண்டாம், மயக்க மருந்து வேண்டாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு 1985-இல் இதைச் செய்துகாட்டியது. பின்னந்தலையில் இருக்கும் சிறுமூளைதான் சமநிலைக்கு முக்கியம். பக்கவாதம் வந்தவர்களுக்கு அங்கே மூன்று வாரம் காந்தத் தூண்டல் கொடுத்த இத்தாலிய ஆய்வு 2019-இல் வெளியானது. போலித் தூண்டல் பெற்றவர்களைவிட இவர்களுடைய நடையும் சமநிலையும் தேறின. ஆய்வை முடித்தவர்கள் 34 பேர்தான். இரு தரப்பாருக்கும் நாள்தோறும் இயன்முறைப் பயிற்சி இருந்தது. என் மனம் அந்த இடத்தில் நின்றது.

காந்தத்தைப் பற்றிக் கேட்கப் போனபோது நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது வேறு: "தலையிலயோ கண்ணுலயோ இரும்புத் தூள் ஏதாவது தங்கியிருக்கா ஐயா?" காந்தச் சிகிச்சைக்கு முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வியாம் அது. வலிப்பு, பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி பற்றியும் கேட்டார். கண்ணில் பொறி விழாத கிரைண்டர் எங்கள் பக்கத்தில் யார்? என்னோடு வேலை செய்த ஒவ்வொருவரும் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பிறகு அதிரும் இசைக்கவை ஒன்றைக் கால் பெருவிரலில் வைத்தார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண், உள்காது, பாதம் மூன்றும் தரும் தகவலில்தான் நாம் நிற்கிறோம். என் பாத நரம்புகளைச் சர்க்கரை மழுக்கிவிட்டது, அந்தக் குறையைக் கண் ஈடுகட்டி வந்தது. இருட்டில் அதுவும் இல்லை. மெட்ஃபார்மின் நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம் என்று அதற்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். "காந்தம் ஆய்வுல இருக்கு. உங்களுக்கு இப்போ பயிற்சிதான்" என்றார்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வரும் இயன்முறைச் சிகிச்சைப் பெண் சொல்லிக்கொடுத்தார்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, ஜன்னல் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து நடப்பது. 2019-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, இப்படிப்பட்ட பயிற்சிகள் முதியோர் விழுவதை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன. எனக்கு ரயில் படி இப்போது கொஞ்சம் பக்கத்தில் தெரிகிறது. கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கும் போட்டுவிட்டோம்.

காந்த ஆய்வு வளரட்டும். என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களையும் சேர்த்துச் செய்யட்டும். அதுவரை சிப்காட்டில் உழைத்து ஓய்வுபெற்ற ஒவ்வொருவரின் பாதத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த இசைக்கவையை ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன்.