கோடாக வந்தது புள்ளியாகலாமா?

இல்லஸ்ட்ரேட்டரில் வரைந்த விழாச் சின்னம் திரையில் பளிச்சென்று இருக்கும். அதையே போட்டோஷாப்புக்குக் கொண்டுபோய் அழைப்பிதழில் வைத்து அச்சடித்து வாங்கினால், ஓரமெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும். அச்சகத்துக்காரரைத் திட்டிப் பயனில்லை. தப்பு பெரும்பாலும் அங்கே நடப்பதில்லை. இரண்டு மென்பொருளுக்கும் நடுவில், யோசிக்காமல் அழுத்திய ஒரு 'ஓகே' பொத்தானில் அது நடந்து முடிந்திருக்கும்.

இரண்டும் அடோபி வீட்டுப் பிள்ளைகள்தான். இல்லஸ்ட்ரேட்டர் 1987-ல் வந்தது, போட்டோஷாப் 1990-ல். ஆனால் குணம் வேறு வேறு. இல்லஸ்ட்ரேட்டர் வளைகோட்டைக் கணக்காக நினைவில் வைத்துக்கொள்ளும். தபால்தலை அளவில் வரைந்ததைச் சுவர் அளவுக்கு இழுத்தாலும் மறுபடி கணக்குப் போட்டு வரைந்து தரும். போட்டோஷாப்போ படத்தைப் பெரும்பாலும் புள்ளிகளாக, அதாவது பிக்சல்களாகப் பார்க்கும். பெரிதாக்கினால் இருக்கிற புள்ளிகளை வைத்துத்தான் ஒப்பேற்றும்.

ஒரு சின்னக் கணக்கு. 2 அங்குல அகலச் சின்னத்தை அங்குலத்துக்கு 72 பிக்சல் வீதம் மாற்றினால் கிடைப்பது 144 பிக்சல். நல்ல அச்சுக்கு வழக்கமாகக் கேட்கப்படும் 300 வீதம் என்றால் 600 வேண்டும். கையில் 144 ரூபாயை வைத்துக்கொண்டு 600 ரூபாய் பில்லுக்குப் போய் நிற்கிற கதைதான்!

இல்லஸ்ட்ரேட்டரில் காப்பி செய்து போட்டோஷாப்பில் பேஸ்ட் செய்தால் ஒரு சின்னக் கட்டம் வந்து கேள்வி கேட்கும். அதில் முக்கியமானவை நான்கு. 'பிக்சல்ஸ்' என்றால் அங்கேயே புள்ளியாகிவிடும். 'பாத்' என்றால் வெறும் கோடு மட்டும் வரும், நிறம் வராது. 'ஷேப் லேயர்' ஒரே நிறச் சின்னத்துக்குப் போதும். 'ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்' என்றால் மூலப்படம் அப்படியே உள்ளே பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். 2005-ல் சிஎஸ்2 பதிப்போடு வந்த வசதி இது. எத்தனை முறை சிறிதாக்கிப் பெரிதாக்கினாலும் ஓரம் கெடாது. இரட்டைக் கிளிக் செய்தால் இல்லஸ்ட்ரேட்டர் திறக்கும். அங்கே திருத்திச் சேமித்தால் இங்கேயும் மாறிவிடும்.

காசில்லாதவர்களுக்கு இங்க்ஸ்கேப், கிம்ப் இருக்கின்றன. எஸ்விஜி கோப்பைக் கிம்ப்பில் திறக்கும்போதே எத்தனை அகலம், எத்தனை உயரம் என்று கேட்கும். அச்சுக்குத் தேவையான அளவை அப்போதே கொடுத்துவிடுவது நல்லது.

எழுத்து விஷயத்தில் இன்னொரு சிக்கல். சின்னத்தில் உள்ள தமிழ் எழுத்துரு அடுத்தவர் கணினியில் இல்லாவிட்டால், திருத்தத் திறக்கும்போது வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து எல்லாம் குளறுபடியாகும். 'கிரியேட் அவுட்லைன்ஸ்' கொடுத்து எழுத்தைக் கோடாக மாற்றினால் இது தீரும். ஆனால் அதன்பின் எழுத்துப்பிழையைத் தட்டச்சிட்டுத் திருத்த முடியாது. அதனால் மாற்றாத பிரதி ஒன்று தனியாக இருந்தாக வேண்டும்.

கோட்டிலிருந்து புள்ளிக்குப் போவது ஒருவழிப் பாதை. வவுச்சரையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொள்வது மாதிரி. தொகை தெரியும், ஆனால் எப்படி வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாணவர் குழுக்களில் இந்த நஷ்டம் சத்தமில்லாமல் நடக்கிறது. வரைந்தவர் இறுதியாண்டு முடித்துப் போய்விடுவார். மிஞ்சுவது பழைய அழைப்பிதழின் ஜேபெக் மட்டும். அடுத்த ஆண்டு பேனர் அடிக்க வருகிறவர் அந்தச் சின்னத்தை முதலிலிருந்து வரைய வேண்டும். கணக்குப் புத்தகத்தோடு அந்த மூலக் கோப்பையும் சேர்த்து ஒப்படைத்தால் போதும், அவருக்கு ஒரு ராத்திரித் தூக்கமாவது மிச்சமாகும்.