வலிய வரும் விலை

வாங்குகிறவன் வீடு தேடி வந்து அவசரப்படுத்தினால், விற்கிறவன் சற்று யோசிக்க வேண்டும். சந்தைக்குப் போய்ப் பழகியவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம் இது. ஆனால் அதே அவசரம் அழகாக அச்சிட்ட காகிதத்தில் தபால் மூலம் வந்தால், நம் விவேகம் எங்கேயோ ஒளிந்துகொள்கிறது.

ஆஸ்திரேலியாவில் 1998-ம் வருஷத்தில் ஏ.எம்.பி. என்ற பெரிய இன்ஷியூரன்ஸ் ஸ்தாபனம் பங்குக் கம்பெனியாக மாறிற்று. பாலிஸி எடுத்திருந்த லட்சக்கணக்கான ஜனங்கள் பங்குதாரர்கள் ஆனார்கள். பங்குச் சந்தையின் வாசற்படியை மிதித்தறியாதவர்கள் அவர்களில் அநேகர். பங்குதாரர்களின் பெயரும் விலாசமும் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கும். கட்டணம் செலுத்தினால் எவரும் அதன் நகலைப் பெறலாம் என்பது அந்நாட்டின் அன்றைய சட்டம். பங்குதாரர்கள் ஒன்றுகூடி நிர்வாகிகளைக் கேள்வி கேட்பதற்கு உதவும் நல்ல உரிமை அது. அதையே சிலர் தூண்டிலாக்கிக் கொண்டார்கள். "உங்கள் பங்குகளை வாங்கிக்கொள்கிறோம், கையெழுத்திட்டு அனுப்பினால் போதும்" என்று பல கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கும் கடிதங்கள் பறந்தன. உதாரணமாக, சந்தையில் 100 டாலர் பெறுவதற்கு 60 டாலர் தருவது போன்ற வியாபாரம். பிற்பாடு சிலர் அதிக விலையே சொன்னார்கள். பணத்தை மட்டும் பல வருஷத் தவணைகளில் தருவார்களாம்!

"இருவரும் சம்மதித்துச் செய்யும் வியாபாரத்தில் தோஷம் என்ன?" என்று கேட்பார் உண்டு. கத்தரிக்காய் பேரத்தில் தோஷமில்லைதான். அன்றைய விலை இருவருக்கும் தெரியும். இங்கேயோ, விலை தெரிந்தவர் எவரும் கையெழுத்திடமாட்டார். ஆகவே இந்த வியாபாரத்துக்கு முதல், பிறருடைய அறியாமைதான்.

2003-ல் ஆஸ்திரேலிய சர்க்கார் சட்டத்தைத் திருத்தியது. இத்தகைய கடிதத்தில் சந்தை விலையைக் குறிப்பிட வேண்டும், ஒரு மாதமாவது அவகாசம் தரவேண்டும் என்று விதித்தது. பதிவேட்டின் நகல் கேட்பவர் காரணம் சொல்லவேண்டும் என்று 2010-ல் மற்றொரு திருத்தம் வந்தது. அமெரிக்காவிலோ, ஒரு கம்பெனியின் பங்குகளில் 5 சதவீதத்துக்கு மேற்படாமல் கேட்பவர்கள் பல கடுமையான விதிகளுக்குத் தப்பிவிடுகிறார்கள். அங்கே ஒருமுறை சம்மதித்தவர் பின்வாங்கவும் பெரும்பாலும் வழியில்லை.

சட்டம் விலையை அச்சிடச் செய்யலாம். படிக்க வேண்டியது நாம். நம் வீடுகள் பலவற்றில் பங்குக் கணக்கு குடும்பத் தலைவர் ஒருவருக்கே தெரிந்த விஷயமாக இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு இப்படியொரு கடிதம் வந்தால், அதைப் பிரிக்கப் போகிறவர் யார்? துக்கத்திலும் பணமுடையிலும் இருக்கும் அந்தக் கைகளுக்கு, சொன்ன விலையே பெரிதாகத் தோன்றுமல்லவா? அன்றைய விலையைப் பார்க்கும் விதத்தை மனைவி மக்களுக்கு இன்றே சொல்லிக்கொடுப்போம். அதற்கு அரைமணி நேரம் போதும்.