நிலவறையில் கிடைத்த குறுந்தொகை

சங்கப் பாட்டுகளை நான் முதலில் படித்தது தேர்வுக்காக. திணை, துறை, உள்ளுறை என்று பிரித்து எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அந்தப் பாட்டுகளுக்குள் ஓர் உயிர் பேசிக்கொண்டிருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது ஏ. கே. ராமானுஜனின் ஆங்கில மொழிபெயர்ப்பு. நம் வீட்டுச் சொத்தை அடுத்தவர் மொழியில் போய் அறிந்துகொண்டோமே என்று வெகுநாள் கூச்சப்பட்டேன். அவர் கதை தெரிந்தபிறகு அந்தக் கூச்சம் கரைந்துபோயிற்று.

1929இல் மைசூரில் பிறந்தவர் ராமானுஜன். மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவின் ஆங்கிலம், கீழே அடுக்களையில் அம்மாவின் தமிழ், தெருவில் இறங்கினால் கன்னடம். ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கவிதை எழுதினார். பழந்தமிழை அவர் முறையாகக் கற்றிருக்கவில்லை.

1959இல் அமெரிக்கா போனார். 1962இல் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலகத்து நிலவறையில் பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கண நூல் தேடிக்கொண்டிருந்தார். கையில் அகப்பட்டது 1937இல் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை. ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த அந்த முதியவரின் உழைப்பு, கடல் கடந்து ஒருவருக்காகக் காத்திருந்தது போலிருக்கிறது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 76 குறுந்தொகைப் பாடல்கள் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்ற நூலாக வந்தன. அகம், திணை இரண்டும் அந்தத் தலைப்பிலேயே இருக்கின்றன. பிறகு கன்னட வசனங்கள், நம்மாழ்வார், புறப்பாடல்கள் என்று 1993இல் மறையும்வரை மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை.

அவர் மொழிபெயர்த்தவற்றில் ஒன்று, சங்க நூலான ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய ஒரு பாட்டு. தலைவன் ஊருக்குப் போய்த் திரும்பிய பெண் தோழியிடம் பேசுகிறாள். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட, அவர் நாட்டில் தழை மூடிய பள்ளத்தில் விலங்குகள் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர் இனியது என்கிறாள். தமிழில் நீர் என்ற சொல் கடைசியில்தான் வருகிறது. தோட்டம், நாடு, பள்ளம் எல்லாம் தாண்டித்தான் அதை எட்டுகிறோம். ஆங்கில வாக்கியம் அப்படி நடக்காது. நீரை முன்னால் சொல்லித்தான் ஆகவேண்டும். ராமானுஜன் வரிகளைச் சிறுசிறு துண்டுகளாக ஒன்றன்கீழ் ஒன்றாக இறக்கினார். படிக்கிறவர் கண் பள்ளத்துக்குள் மெல்ல இறங்குகிறது. செவி இழந்ததைக் கண்ணுக்குத் தந்துவிட்டார். ஒரு கவிஞர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய வழி அது. அதைக் கண்டபிறகு கபிலரிடம் திரும்பிப்போனேன். கடைசிச் சொல் ஏன் கடைசியில் நிற்கிறது என்பது அன்றுதான் புரிந்தது.

அந்த நிலவறையை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பாட்டு கூடவே வருகிறது. அம்மாவின் மொழி அவருக்கு வீட்டில் பாலும் தேனுமாகக் கிடைத்தது. ஆனால் அதன் ஆழத்து நீரைக் குடிக்க, அயல்நாட்டில் ஒரு பள்ளத்துக்குள் அவர் குனிய வேண்டியிருந்தது. பிறப்பால் வந்த மொழியையும் தேடித்தான் அடைய வேண்டும். நான் குனிந்த பள்ளம் அவருடைய ஆங்கிலம்.