கண்டிச்சீமைக் கேள்வி

பொங்கலுக்குத் தொட்டியம் வந்திருந்த அண்ணன் மகள் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினாள். அரசியல் அறிவியல் கடைசி வருடம். ஆசிய அரசியலில் முதுகலை படிக்க ஆசை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், தெற்காசியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, சென்னை, சிங்கப்பூர் என்று வரிசையாக எழுதியிருந்தாள்.

"எதுல சேரலாம், சித்தப்பா?"

"நீ எதைத் தெரிஞ்சுக்கணும்னு படிக்கப் போற?"

"ஆசியாவை" என்றாள். அதற்குமேல் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளே அம்மா வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். முசிறி, துறையூர், நாமக்கல் பக்கங்களிலிருந்து கங்காணிகளின் பின்னால் கண்டிச்சீமைக்குப் போன எத்தனையோ குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஒருத்தியாக அம்மா தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்தத் திண்ணைக்கு வந்து சேர்ந்தாள்.

இதை அண்ணன் மகளிடம் சொன்னேன். "அவங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையா?" என்றாள். கேள்வி பிறந்துவிட்டது.

அதன்பிறகு அந்தத் தாளை இருவருமாகப் படித்தோம். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பன்னாட்டியல் பள்ளி 1955-ல் தனி நிறுவனமாகத் தொடங்கி, 1970-ல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தெற்காசியாவுக்கும் கிழக்காசியாவுக்கும் அங்கே தனித்தனி மையங்கள் உண்டு. சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் 2010 முதல் வகுப்புகள் நடக்கின்றன. கொழும்பிலிருந்தோ டாக்காவிலிருந்தோ வந்தவர் பக்கத்து இருக்கையில் இருக்கலாம். அந்த வாய்ப்பைப் பாடநூல் தராது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தெற்கு, தென்கிழக்காசிய ஆய்வு மையத்தை உருவாக்கிய வி. சூரியநாராயண், இந்திய - இலங்கை உறவையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். இவளுடைய கேள்விக்கு அந்த மரபு நெருக்கமானது. எழும்பூர் ஆவணக் காப்பகமும் சென்னையில்தான் இருக்கிறது.

பெயரைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுக்காதே என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன். சோத்கங்கா தளத்தில் அந்தத் துறையில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடுகள் கிடைக்கும். நான்கைந்தை எடுத்துப் பார். நெறியாளர் யார், மாணவர் எந்த ஊரில் போய்த் தங்கினார், எந்த மொழியில் மக்களிடம் பேசினார் என்று கவனி. இலங்கையைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியும் சிங்கள நாளிதழ் ஒன்றைக்கூடப் புரட்டாத ஆய்வு என்றால், அங்கே உனக்கு என்ன குறையும் என்று தெரிந்துவிடும். சீனாவானாலும் கொரியாவானாலும் இதேதான். ஒரு நாட்டின் அரசியல் அந்த நாட்டுச் சந்தையிலும் பேருந்திலும் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு காதில் விழாமல் அறிக்கைகளை மட்டும் படிப்பவருக்கு அரசாங்கம் தெரியும், மக்கள் தெரியமாட்டார்கள்.

நுழைவுத் தேர்வு, கட்டணம், விடுதி, உதவித்தொகை எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கேள்வி, மொழி, ஆசிரியர் மூன்றும் முடிவான பிறகு பார்த்தால் அந்தக் கணக்கு எளிதாகிவிடும்.

அவள் சிங்கப்பூரை மட்டும் அடித்துவிட்டு, தாளைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

"அப்பாயி, அங்க சிங்களத்துல தண்ணிக்கு என்ன சொல்லுவாங்க?"

அம்மாவின் கை வெற்றிலையில் அப்படியே நின்றது. ஐம்பது வருடமாக இந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை.

"வத்துர" என்றாள். பேத்தி தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.