மோர்கன் டாலரும் கரியாலூர் ஆயாவும்

நாணயம் சேக்கிற பைத்தியம் பிடிச்சவங்க யாரைக் கேட்டாலும் மோர்கன் டாலர் பத்தி ஒரு தடவையாவது பெருமூச்சு விடுவாங்க. 1878லேர்ந்து 1904 வரைக்கும், அப்புறம் 1921லயும் அமெரிக்கா அடிச்ச வெள்ளிக் காசு. 26.73 கிராம் எடை, அதுல 90 சதவீதம் வெள்ளி. நம்ம பாக்கெட்டுக்கு ஒண்ணு வாங்கவே யோசிக்கணும்.

அங்க காசுக்கு மார்க் போடறதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு. பிசிஜிஎஸ் 1986ல, என்ஜிசி 1987ல ஆரம்பிச்சது. 1லேர்ந்து 70 வரைக்கும் மார்க். மார்க் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல அடைச்சு சீல் வச்சிடுவாங்க. 63க்கும் 66க்கும் உள்ள வித்தியாசம் லென்ஸ் வச்சுப் பாத்தாதான் தெரியும். விலையில மட்டும் கண்ணை மூடிக்கிட்டே தெரியும் :-)

இதுல நம்மூருக்கு என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருக்கு.

முதல் உலகப்போர் சமயத்துல இந்தியாவுல வெள்ளி ரூபாய்க்குப் பெரிய தட்டுப்பாடு. கைக்கு வந்த காசை சனங்க திருப்பி விடல. பானையில போட்டுப் புதைச்சாங்க, நகையாக்கிக் கழுத்துல போட்டுக்கிட்டாங்க. 1917 நவம்பர்ல ஒரு ரூபாய் நோட்டு, 1918 ஜனவரியில ரெண்டரை ரூபாய் நோட்டுன்னு அரசாங்கம் விட்டுப் பாத்துச்சு. நோட்டைக் கொண்டுபோய் நீட்டி வெள்ளியாக் குடுன்னு கேட்டவங்கதான் அதிகம்.

அப்பதான் 1918 ஏப்ரல்ல அமெரிக்கா பிட்மன் சட்டம் கொண்டுவந்துச்சு. கஜானாவுல மூட்டை மூட்டையாத் தூங்கிட்டிருந்த டாலருங்கள்ல 27 கோடியை உருக்கினாங்க. அதுல சுமார் 25.9 கோடி டாலரோட வெள்ளி, பிரிட்டன் மூலமா இந்தியாவுக்குன்னே வந்தது. ஒரு டாலர்ல சுத்த வெள்ளி 24 கிராம், நம்ம ரூபாயில 10.69 கிராம். ஒரு டாலருக்கு ரெண்டேகால் ரூபாய். மொத்தமாப் பாத்தா 58 கோடி ரூபாய் அடிக்கலாம். எந்த வருஷத்து டாலர் எத்தனை உருகிச்சுன்னு கணக்கே வைக்கல. அதனால, அச்சடிச்ச எண்ணிக்கையை வச்சு இன்னிக்கு எத்தனை மோர்கன் மிச்சம் இருக்குன்னு சொல்ல முடியாது.

ஆக, உங்க பாட்டி பெட்டியில இருக்கிற 1918, 1919 ஜார்ஜ் ராஜா காசுல ஒரு மோர்கன் டாலர் கரைஞ்சிருக்க வாய்ப்பு உண்டு!

போன வருஷம் கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். கரியாலூர் டீக்கடையில ஒரு ஆயா. கறுப்புக் கயித்துல மூணு வெள்ளி ரூபாய், ஒவ்வொண்ணுலயும் வளையம் பத்தவச்சிருந்தது. நான் உத்துப் பாக்கறதைப் பாத்துட்டு அவங்களே கழட்டிக் காட்டினாங்க. எல்லாம் 1918, 1919. ஒண்ணுல கீழ்ப்பூவுக்குப் பக்கத்துல சின்னப் புள்ளி, பம்பாயில அடிச்சது. பக்கத்து ஊர் பேரு வெள்ளிமலை, வெள்ளி வந்தது அமெரிக்காவுலேர்ந்து!

"தம்பி, இது லச்சக்கணக்குல போவும்னு பேரன் போன்ல பாத்துச் சொல்றான். மொதல்ல ரெண்டாயிரம் கட்டணுமாம். நெசமா?"

டீ தொண்டையிலேயே நின்னுடுச்சு. "ஆயா, ஒரு பைசா கட்டாதீங்க"ன்னேன். பழைய காசு வாங்கறோம்னு சொல்லி, ரிசர்வ் வங்கி பேரையே போட்டுக் கட்டணம் கேட்டு ஏமாத்தறாங்கன்னு 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பேரனைக் கூப்பிட்டு அதைப் பொறுமையாச் சொன்னேன்.

அப்புறம் உள்ளதைச் சொன்னேன். 1918ல மட்டும் கல்கத்தாவுலயும் பம்பாயிலயுமாச் சேத்து 40 கோடிக்கு மேல அடிச்சாங்க, அபூர்வம் இல்ல. வளையம் பத்தவச்சு, புளி போட்டுத் தேய்ச்ச காசுக்கு எந்தக் கம்பெனியும் மார்க் போடாது, "சேதம்"னு எழுதிடும். அந்தக் கம்பெனிக்காக அமெரிக்காவுக்கு அனுப்பவும் வழியில்ல. 1972ம் வருஷச் சட்டப்படி நூறு வயசான காசு தொல்பொருள், தனியார் யாரும் ஏற்றுமதி பண்ணக்கூடாது. விக்கறதுன்னா 32 கிராம் வெள்ளி விலை, அவ்ளோதான்.

ஆயா முகம் கொஞ்சம் வாடுச்சு. "எங்கம்மா போட்டிருந்தது. அப்ப கழுத்துலயே கெடக்கட்டும்"னு மாட்டிக்கிட்டாங்க. பேரன் மட்டும் ரொம்ப நேரம் போனையே பாத்துட்டிருந்தான்.

உங்க வீட்டுல வெள்ளி ரூபாய் இருந்தா ரெண்டு விஷயம். துலக்காதீங்க. எடைக்குப் போடறதுக்கு முன்னாடி வருஷத்தைப் பாருங்க. 1911ன்னு இருந்தா நிதானிங்க. ராஜா அங்கியில இருக்கிற யானை, பன்னி மாதிரி தெரியுதுன்னு சனங்க கோவிச்சுக்க, பெரும்பாலானதைத் திரும்ப உருக்கிட்ட காசு அது. அது உங்ககிட்ட இருந்தா எனக்கும் ஒரு தடவை காட்டுங்க, வாங்க மாட்டேன், பாத்துட்டுக் குடுத்துடுவேன் :-)